தூளிக்குக் கீழே ஓர் அரிவாள்: பிரசவத்துக்குப் பின் வரும் எண்ணச் சுழற்சி நோய்

அக்கா முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊர். பெண் குழந்தை, சுகப்பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மாவின் பழைய நூல் சேலையில் தூளி கட்டினோம். காத்து கருப்பு அண்டக்கூடாது என்று பாட்டி ஒரு கதிர் அரிவாளைக் கொண்டுவந்து தூளிக்குக் கீழே வைத்தார். பச்சை உடம்புக்காரி படுக்கும் இடத்தில் ஏதாவது ஒரு இரும்பு இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மறுநாள் காலையில் அந்த அரிவாள் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. பாட்டி முணுமுணுத்துக்கொண்டே எடுத்துவந்து வைத்தார். அதற்கடுத்த நாளும் அது கொட்டகைக்குப் போயிருந்தது.

பிறகு அரிவாள்மனையைக் காணோம். காய் நறுக்கும் கத்தியும் கத்தரிக்கோலும் காணோம். எல்லாம் ஒரு பழைய துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைந்திருந்ததை அம்மா ஒருநாள் அரிசி அள்ளும்போதுதான் பார்த்தார். அக்கா குழந்தையைக் குளிப்பாட்ட மாட்டாள், தனியாக அதனோடு அறையில் இருக்க மாட்டாள், ராத்திரி தூங்கவும் மாட்டாள். சோம்பல் என்றார்கள். பெண் பிள்ளை பிறந்ததில் மனசு சரியில்லை என்று ஒரு அத்தை சொன்னார். அந்தப் பேச்சு அக்காவை எவ்வளவு கிழித்தது என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

நாலு மாதம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் என்னிடம் சொன்னாள்: "பாப்பாவைப் பார்த்தாலே கத்தி ஞாபகம் வருது. நான் எதாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு. என்னை எங்கயாவது கட்டிப் போட்டுடுங்க."

இதற்குப் பெயர் ஓசிடி. தமிழில் எண்ணச் சுழற்சி நோய், மனச் சுழற்சி நோய் என்றெல்லாம் எழுதுகிறார்கள். கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவது, பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்ப்பது என்றுதான் பலரும் இதை அறிந்திருக்கிறார்கள். பிரசவத்தை ஒட்டி இது வரும், வந்தால் பெரும்பாலும் குழந்தையைச் சுற்றியே சுழலும் என்பது படித்தவர்கள் பலருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அக்காவை முதலில் தாயத்து கட்டத்தான் கூட்டிப்போனோம். அடுத்துப் போன ஒரு மருத்துவர் முழுக்கக் கேட்காமலே தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

இந்த நோயில் இரண்டு பாதி உண்டு. ஒன்று, அழைக்காமல் வந்து மோதும் எண்ணம். குழந்தை கை நழுவி விழுவது, தண்ணீர் அண்டாவில் மூழ்குவது, மூச்சு நின்றுபோவது, தானே அதற்குக் கேடு செய்வது. சிலருக்கு இது எண்ணமாக வராமல் கண்முன் படமாகவே ஓடும். குழந்தையைச் சுத்தம் செய்யும்போது அருவருப்பான பாலியல் எண்ணம் வந்து மோதுவதும் உண்டு. அதை வாய் திறந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. இன்னொரு பாதி, அந்தப் பயத்தை அடக்குவதற்காகச் செய்யும் காரியம். கத்தியை ஒளிப்பது, மூக்கருகே விரல் வைத்து மூச்சைச் சோதிப்பது, பால் பாத்திரத்தை ஏழு தடவை கொதிக்க வைப்பது, "ஒண்ணும் ஆகாது இல்ல?" என்று அம்மாவை நூறு தடவை கேட்பது. வெளியே தெரியாத காரியங்களும் உண்டு. ஒவ்வொரு கெட்ட எண்ணத்துக்கும் பதிலாக மனசுக்குள் முருகன் பெயரை இத்தனை தடவை என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

இப்படிப்பட்ட எண்ணம் வருவதே நோய் என்று நினைத்துவிடக் கூடாது. ஒகேனக்கல் தொங்கு பாலத்தில் நின்றவர்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கையிலிருக்கும் போனைத் தண்ணீரில் விட்டால் என்ன என்றோ, நாமே குதித்தால் என்ன என்றோ ஒரு நினைப்பு சட்டென்று வந்து போயிருக்கும். தொப்பூர் கணவாயில் வண்டி ஓட்டும்போது ஸ்டியரிங்கை அப்படியே ஒடித்தால் என்ன ஆகும் என்று தோன்றியிருக்கும். லண்டனில் ஜாக் ராக்மன், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-ல் இதை ஆராய்ந்தார்கள். நோய் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் இப்படிப்பட்ட விபரீத எண்ணங்கள் தங்களுக்கு வருவதாகச் சொன்னார்கள். நோயாளிகளுக்கு வரும் எண்ணங்களும் இவர்களுடையவையும் உள்ளடக்கத்தில் ஒன்று போலவே இருந்தன. சாதாரண மனிதர்களுக்கு அவை வந்த வேகத்தில் போய்விட்டன, நோயாளிகளுக்குப் போகவில்லை. அதுதான் வித்தியாசம்.

பிள்ளை பெற்றவர்களிடம் இது இன்னும் பரவலாக இருக்கிறது. கனடாவில் முதல் குழந்தை பெற்ற தாய்மார்களிடம் நடந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைக்கு விபத்தாக ஏதாவது நடந்துவிடும் என்ற எண்ணம் அத்தனை பேருக்குமே வந்திருந்தது. தானே வேண்டுமென்று கேடு செய்வது போன்ற எண்ணம் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வந்திருந்தது. பாதிப் பேர்! தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வருகிறது. இதில் நாலைந்து பேர் அந்த எண்ணத்தைப் பார்த்திருக்கலாம், ஒருத்தரும் இன்னொருத்தரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் ஒருத்திக்கு வந்து போவது இன்னொருத்திக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதை நமக்குத் தெரிந்ததுதான். சொன்ன பிறகு டம்ளரை எடுத்தாலே குரங்கு வந்துவிடும். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் நம் ஊர்க் குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கரடியை வைத்து இதையே சோதனை செய்தார். கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களால் அதைத் தள்ளி வைக்க முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அவர்களுக்குத்தான் அது அதிகமாக வந்தது.

பிள்ளை பெற்றவளின் நிலையில் இதை வைத்துப் பார்க்க வேண்டும். நேற்று வரை தன் உடம்பை மட்டும் பார்த்துக்கொண்டவள் கையில் இப்போது தலை நிற்காத ஓர் உயிர். ஒரு எண்ணம் வருகிறது. வேறொருத்தி "சீ, என்ன நினைப்பு இது" என்று உதறிவிடுவாள். இவள் "ஒரு அம்மாவுக்கு இப்படித் தோணுமா, அப்போ நான் யார்?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியில்தான் எண்ணம் ஒட்டிக்கொள்கிறது. அதை விரட்ட விரட்ட அது திரும்பி வருகிறது. கத்தியை ஒளித்தால் பத்து நிமிடம் நிம்மதி. ஒளித்ததால்தான் குழந்தை பிழைத்தது என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. நாளைக்குக் கத்தரிக்கோலையும் ஒளிக்கச் சொல்லும். அரிப்பைச் சொறிந்தால் வரும் சுகம் மாதிரிதான் இது, புண் ஆழமாகிக்கொண்டே போகும்.

பிரசவத்தோடு ஹார்மோன்கள் சடாரென்று இறங்குவதும், தூக்கம் துண்டு துண்டாக உடைவதும் இதில் பங்கு வகிக்கலாம் என்கிறார்கள். ஆனால் ஹார்மோன்தான் காரணம் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. ஏற்கெனவே ஓசிடி இருந்தவர்களுக்குப் பிரசவத்தில் அது முற்றலாம். எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு முதல் சில வாரங்களில் புதிதாகவும் வரலாம்.

எத்தனை பேருக்கு வருகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-ல் வெளியான ஒரு கணக்கு, பொதுவாகப் பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கும் ஓசிடி, பிரசவத்துக்குப் பின் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருப்பதாகச் சொன்னது. 2021-ல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு அதை ஏறத்தாழ 17 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. நோய் திடீரென்று பெருகிவிடவில்லை. அந்த ஆய்வாளர்கள் குழந்தையைப் பற்றிய எண்ணங்களைக் குறிப்பாகக் கேட்டார்கள். கேட்டதால் சொன்னார்கள். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் யாரும் கேட்பதே இல்லை.

அதற்கு இந்த மண்ணுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. கிருஷ்ணகிரி அப்போது தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது, 2004-ல்தான் பிரிந்தது. பெண் சிசுவைக் கொல்லப் பயன்பட்ட கள்ளிப்பால், நெல்மணி என்ற சொற்களை எங்கள் தலைமுறை பாட்டிகளின் வாயிலிருந்தே கேட்டிருக்கிறது. அந்த நினைவு இருக்கும் ஊரில், பெண் குழந்தை பெற்ற ஒருத்தி "பிள்ளையைக் கொன்னுடுவேனோன்னு நினைப்பு வருது" என்று வாய் திறந்தால் என்ன நடக்கும்? கேட்பவருக்கு நோய் என்று தோன்றாது. மாமியார் வீட்டில் பேச்சாகும், அங்கன்வாடியில் பேச்சாகும், போலீஸ் வருமோ என்று அவளே பயப்படுவாள். சிசுக்கொலை என்பது வறுமையும் வரதட்சணையும் ஆண் பிள்ளை ஆசையும் சேர்ந்து வீட்டார் கூடி எடுத்த முடிவு. ஓசிடி உள்ள தாயோ, அந்த எண்ணம் வந்ததற்காகவே தன்னைக் கட்டிப்போடச் சொல்கிறாள். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது அவளுக்குச் செய்யும் பெரிய அநியாயம். இப்படிப்பட்ட எண்ணம் வரும் தாய்மார்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குழந்தைக்குத் தீங்கு செய்கிறார்கள் என்பதற்கு, இதைத் தேடிப் பார்த்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

இன்னொரு வகை ஓசிடி நம் வீடுகளில் பாராட்டே வாங்கும். தீட்டு, சுத்தம் என்று பிள்ளை பெற்ற வீட்டில் ஏற்கெனவே நூறு கட்டுப்பாடு உண்டு. யார் தொடலாம், கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், துணியை எங்கே காயப்போட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. அதற்குள் ஒருத்தி கை தோல் உரியும்வரை டெட்டால் போட்டுக் கழுவினாலும் "எங்க மருமக ரொம்ப சுத்தம் பார்ப்பா" என்பார்கள். சம்பிரதாயம் எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேரத்தைப் பாருங்கள், அவள் முகத்தைப் பாருங்கள். சடங்கு செய்தவளுக்கு முடித்ததும் மனசு ஆறும். இவளுக்கு முடிவதே இல்லை. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்த எண்ணங்களிலும் காரியங்களிலும் போகிறது, குழந்தையைத் தூக்கவோ பால் கொடுக்கவோ தூங்கவோ அது தடையாக இருக்கிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அப்பாக்களுக்கும் இது வரும். குழந்தை பிறந்ததும் ஆண்களுக்குத் திடீரென்று ஓசிடி தொடங்கியதை 2001-லேயே மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலைக்கும் பெங்களூரில் கட்டட வேலைக்கும் போய்விட்டு, மனைவியும் குழந்தையும் மாமியார் வீட்டில் இருக்க, தினம் இருபது தடவை வீடியோ காலில் "வயிறு ஏறி இறங்குதா, கிட்ட காட்டு" என்று கேட்கும் அப்பாவைப் பாசக்காரர் என்று சொல்லிவிடுகிறோம். பாசம்தான். ஆனால் அந்த அழைப்பை எடுக்காத அஞ்சு நிமிடத்தில் அவர் மெஷினை விட்டுவிட்டு வெளியே ஓடுகிறார் என்றால் அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்) என்று வேறொரு நோய் இருக்கிறது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்குத்தான் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களிலேயே தொடங்கும். அதில் தாய்க்குத் தன் எண்ணம் தவறு என்றே தெரியாது. குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது, சாமி இப்படிச் செய்யச் சொல்கிறது, இது என் குழந்தையே இல்லை என்று உறுதியாக நம்புவாள். இல்லாத குரல் கேட்கும், பேச்சு குழம்பும், தூக்கமே வேண்டாம் என்பது போல் பரபரப்பாக இருப்பாள். இது அவசர நிலை. தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சாமி வந்திருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. ஓசிடியில் தாய் தன் எண்ணத்தைக் கண்டு நடுங்குகிறாள், அதிலிருந்து குழந்தையைக் காப்பாற்றத்தான் விலகி நிற்கிறாள். சந்தேகமாக இருந்தால் வீட்டில் முடிவு செய்யாமல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். ஓசிடியோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சகஜம். "நான் இல்லாம இருந்தா பாப்பாவுக்கு நல்லது" என்ற பேச்சு வந்தால் அதையும் அவசரமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, சிகிச்சை என்ன? எதிர்கொண்டு பழகும் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. 1966-ல் விக்டர் மேயர் என்பவர் லண்டனில் தொடங்கிவைத்த வழி. பயப்படும் பொருளின் பக்கத்தில் இரு, ஆனால் பயத்தை அடக்கச் செய்யும் காரியத்தைச் செய்யாதே, அவ்வளவுதான். கேட்கச் சின்னதாக இருக்கும், செய்ய மலையாக இருக்கும். அக்காவுக்கு முதல் வாரம் கத்தியைப் பெட்டிக்குள் வைத்து அதே அறையில் இருக்கச் சொன்னார்கள். அடுத்து மேசைமேல். பிறகு குழந்தை தூளியில் தூங்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து தக்காளி நறுக்கினாள். பயம் உச்சத்துக்கு ஏறும், எதுவும் செய்யாமல் இருந்தால் தானாக இறங்கும் என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். யாரும் இதைத் தானாக முயன்று பார்க்காமல், பயிற்சி பெற்றவரோடு படிப்படியாகச் செய்வதுதான் நல்லது. லண்டனில் 34 தாய்மார்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், இந்த வகைச் சிகிச்சையை அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டே வாரத்தில் மொத்தம் 12 மணி நேரமாகக் கொடுத்தார்கள். நோய் நன்றாகக் குறைந்தது. கைக்குழந்தைக்காரிக்கு வாராவாரம் மாசக்கணக்கில் அலைவதைவிட இது தோது.

மருந்தும் உண்டு. செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலப்பதால் பால் கொடுக்கும் தாய்களுக்கு மருத்துவர்கள் அதை அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓசிடியில் மருந்து வேலை செய்வது தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம். மூன்றாம் வாரமே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிட்டால் பட்ட பாடு வீண். பால் கொடுக்கிறாய் என்பதாலேயே மருந்து வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்வதும் சரியில்லை. அந்தக் கணக்கை மருத்துவர் போடட்டும்.

வீட்டிலிருப்பவர்களுக்கு இதில் கஷ்டமான ஒரு பங்கு இருக்கிறது. அவள் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணும் ஆகாது கண்ணு" என்று சொல்வது அன்புதான், ஆனால் அது சொறிந்து விடுவதைப் போலவே ஆகிவிடுகிறது. "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லலாம். பயத்துக்குப் பதில் சொல்லாமல் அவளுக்குத் துணையாக இருக்கலாம். ராத்திரி ஒரு வேளையாவது குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க விடலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், அவள் முதல் தடவை சொல்லும்போது நெஞ்சில் கை வைத்து "ஐயோ" என்று அலறாமல் கேட்க வேண்டும். அந்த ஒரு "ஐயோ" அவள் வாயை இன்னும் ஒரு வருடத்துக்கு அடைத்துவிடும்.

போகும் இடம் ரொம்பத் தூரத்தில் இல்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டம் இரண்டு மாவட்டங்களிலும் உண்டு. 14416 என்ற டெலி மனஸ், அதாவது அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. காசில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நம் ஓசூரின் பெயர் கொண்ட ரோட்டில்தான் இருக்கிறது, ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்கூட வராது. தாயையும் குழந்தையையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு அங்கே 2009 முதல் இருக்கிறது. குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயப்படும் தாய்க்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். மனநல மையத்தில் சேர்க்கப்படும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். இன்று சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் பிரசவமான வீட்டுக்கு வந்து தையலைப் பார்க்கிறார், குழந்தையின் எடையைப் பார்க்கிறார், தடுப்பூசித் தேதியைச் சொல்கிறார். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே இன்னும் ஒரு கேள்வி கேட்கலாம். உலகெங்கும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படும் எடின்பர்க் அளவுகோல் 1987-ல் வந்தது. அதன் பத்துக் கேள்விகளிலும் இந்த எண்ணங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் அதையே நிரப்பினாலும் அக்கா மாதிரி ஒருத்தி தப்பிப் போகலாம். "குழந்தை பெத்த நிறையப் பேருக்கு வேண்டாத பயங்கர நினைப்பெல்லாம் வரும், உனக்கும் வருதா தாயி?" என்று ஒரு செவிலியர் சாதாரணமாகக் கேட்டால் போதும். நிறையப் பேருக்கு வரும் என்ற அந்தப் பாதி வாக்கியத்துக்காகத்தான் அக்கா நாலு மாதம் காத்திருந்தாள்.

அவளுக்கு இப்போது இரண்டாவது குழந்தையும் பிறந்துவிட்டது, பையன். இது திரும்ப வரலாம் என்று மருத்துவர் கர்ப்பத்திலேயே சொல்லியிருந்தார். பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று ராத்திரி, "அம்மா, அது மறுபடி வந்துடுச்சு" என்றாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய் அரிவாள்மனையையும் ஒரு முறம் சின்ன வெங்காயத்தையும் கொண்டுவந்து தூளிக்குப் பக்கத்தில் வைத்தார். நாளைய சாம்பாருக்கு ஆகும் என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து உரித்தார்கள். அக்காவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் அரிவாள்மனை இருந்த இடத்திலேயே இருந்தது. முறம் காலியாகும்போது மணி பன்னிரண்டு.